லைன் கிளியர்

சேரம்பாடியில் ஆறாவது நாளாக மழை.
துணைமின் நிலையத்தில் எனக்கு ராத்திரி டியூட்டி.
பதிவேடு, டார்ச், கறுப்பு போன்,
எவரோ மறந்துபோன மஃப்ளர்.

போனை எடுத்தால் எல்லோருக்கும் ஒரே வார்த்தை.
"மேடம், சாயங்காலத்திலேருந்து லைன் இல்ல."
"லைன் மேல சில்வர் ஓக் சாஞ்சு கெடக்கு."
"ஒரு லைன்தான் வருது, ஃபேக்டரி மோட்டார் உறுமுது."
"உங்க லைனே கெடைக்கலியே, நாப்பது தடவ அடிச்சேன்."

பதிவேட்டில் மின்பாதை என்றுதான் எழுத வேண்டும்.
ஆட்சிமொழி ஆய்வுக்கு ஆள் வருவார்கள்.
மின்பாதை அறுந்தது. மின்பாதை தாழ்ந்தது.
பாதை என்றால் நடக்கலாமே என்று
சிரிப்பு முட்டும்.
போன வருஷம் கம்பத்திலிருந்து இறக்கிய
உதவியாளரின் செருப்பு ஞாபகம் வரும்.
சிரிப்பு நின்றுவிடும்.

கோடு என்றும் எழுதிப் பார்த்திருக்கிறேன்.
பழைய தமிழில் கோடு மலைமுகடு,
கோடு மரக்கிளை, கோடு யானைத் தந்தம்.
இன்று ராத்திரி மூன்றும் சேர்ந்துதான்
எங்கள் லைனைச் சாய்த்திருக்கின்றன.

அம்மா லயம் என்பாள்.
பதுளையில் லைன் அப்படித் தேய்ந்தது.
கப்பலேறியபோது பாத்திர மூட்டைக்குள்
அதையும் வைத்துக் கட்டிவிட்டார்கள்.
பதினோரு வாசல், ஒரே கூரை;
முதல் வீட்டு இருமலுக்குக் கடைசி வீட்டில்
கஷாயம் வைப்பார்கள்.
அகராதி லயம் என்றால் தாளத்தின் இசைவு என்கிறது.
இருக்கலாம்.
ஒரு துணைக்கால் சேர்த்தால் லாயம், குதிரைக்கு.
எங்களுக்கு அந்த ஒரு கால் குறைவு.

போன மாதம் பந்தலூர் இ-சேவை மையத்தில்
வீட்டு மனைக்கு விண்ணப்பித்தேன்.
"முகவரி, வரி ஒண்ணு?" என்றான் பையன்.
ஏழாவது லைன் என்றேன்.
"அது வரி ரெண்டுல வரும்க்கா. மொத வரி சொல்லுங்க."
மொதலும் அதுதான் தம்பி.
"சரி, வீட்டு வரி ரசீது?"
கம்பெனி வீட்டுக்கு ஏது வரி.
அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
முகம் இருந்தது. வரிதான் இல்லை.

லைன்மேன் பெள்ளிராஜ் கோத்தகிரிக்காரர்.
எனக்கு லைன் போடுகிறார் என்பது
ஸ்டோர் தேவசகாயம் கிளப்பிவிட்டது.
மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது
ஒன்றே ஒன்று:
"லைன் கிளியர் குடுங்க மேடம்."
கொடுப்பேன். நம்பர், நேரம், கையெழுத்து.
அவர் அதைத் திருப்பித் தரும்வரை
சுவிட்சைக் கடவுளும் தொடக்கூடாது.

இன்று கொடுத்தது ஒன்று நாற்பதுக்கு.
இரண்டரைக்குப் பிறகு அவர் போன் பேசவில்லை.
மூன்றுக்கு ஃபேக்டரி மேனேஜர்:
"கொட்டின இலையெல்லாம் வீணாப் போகுது, லைன் குடும்மா."
மூன்றேகாலுக்கு ஏ.இ.:
"அவன் எறங்கியிருப்பான், போட்டு விடு."
இருப்பான் என்பது நேரமா, நம்பரா, கையெழுத்தா சார்
என்று கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு
சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
மஃப்ளரைக் கைப்பிடியில் சுற்றி
இரண்டு முடிச்சுப் போட்டேன்.

நாலு ஐந்துக்கு மணி அடித்தது.
தகரத்தில் மழை இரைய, அவர் குரல்:
"மேடம், நான் லைன்லதான் இருக்கேன்."

"எந்த லைன்?"
கத்தியிருக்கிறேன் போல,
வெளியே வாட்ச்மேனின் நாய் எழுந்து குரைத்தது.

"ஏழாவது. என் போன் ஓடையில போயிருச்சு.
இது உங்க அம்மா போனு.
ஆளுங்க எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு.
எழுதிக்குங்க, லைன் கிளியர் திருப்பியாச்சு."

எழுதினேன். முடிச்சு அவிழ நேரமாயிற்று,
நானேதான் அத்தனை இறுக்கியிருந்தேன்.
சுவிட்சைப் போட்டேன்.

போனை இருவருமே வைக்கவில்லை.
டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.
அதற்குப் பின்னால், சுவர் சுவராகத் தாண்டி,
ஒரே சொல் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது:
வந்துருச்சு,
வந்துருச்சு.